என்ஏவி, சிஏஜிஆர், எக்ஸ்ஐஆர்ஆர், ஃபிளாட் வட்டி, பி/இ: இந்த முதலீட்டுச் சொற்களை எளிதாகப் புரிந்துகொள்வது எப்படி?

ஒவ்வொரு சொல்லுக்கும் தனித்தனி விளக்கம் இணையத்தில் கொட்டிக் கிடக்கிறது. அதையெல்லாம் படித்தும் தலை சுற்றுகிறது என்பதால்தான் இங்கே கேட்டிருப்பீர்கள். நான் கோத்தகிரிப் பக்கம், சிறு விவசாயிகளிடம் பச்சைத் தேயிலை வாங்கும் ஒரு தொழிற்சாலையில் கணக்கு எழுதுகிறேன். இலைக்காசு வாங்க வருகிறவர்கள் பையிலிருந்து பாலிசிப் பத்திரம், கடன் அட்டை, ஃபண்ட் ஸ்டேட்மென்ட் என்று எதையாவது எடுத்து நீட்டி, "இது என்னன்னு கொஞ்சம் பாருங்க" என்பார்கள். பார்த்துப் பார்த்துப் பழகியதைச் சொல்கிறேன். நான் ஆலோசகரும் இல்லை, எதையும் விற்பவனும் இல்லை.

முக்கால்வாசிக் குழப்பம் சதவீதத்தில் இருக்கிறது. யார் எந்தச் சதவீதத்தைச் சொன்னாலும் இரண்டு கேள்வி கேளுங்கள். எந்தத் தொகைக்கு? அந்தத் தொகை எத்தனை நாள் அங்கே இருந்தது? நீங்கள் கேட்ட சொற்களில் பாதி இந்த இரண்டு கேள்விக்கும் பதில் சொல்ல வந்தவைதான்.

முதலில் கடன். ஒரு லட்சம் ரூபாய், ஒரு வருடத்தில் கட்ட வேண்டும். ஒருவர் 12 சதவீதம் ஃபிளாட் என்கிறார். வங்கியில் 14 சதவீதம், ஆனால் டிமினிஷிங் (மீதி இருக்கும் அசலுக்கு மட்டும் வட்டி) என்கிறார்கள். கேட்டவுடன் 12 தான் மலிவு என்று தோன்றும். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஃபிளாட் கடனில் வட்டி 12,000 ரூபாய், மாதத் தவணை 9,333. வங்கிக் கடனில் தவணை 8,979, மொத்த வட்டி 7,745 ரூபாய்தான்! காரணம் எளிது. மாதாமாதம் அசலையும் சேர்த்துத்தானே கட்டுகிறோம்? ஆறு மாதம் ஆனால் கையில் பாதிப் பணம்தான் இருக்கும். ஆனால் ஃபிளாட் வட்டியில் பன்னிரண்டாவது மாதம்கூட முழு லட்சத்துக்கும் வட்டி ஓடிக்கொண்டே இருக்கும். அந்த 12 சதவீத ஃபிளாட்டை உண்மையான வருட வட்டியாக மாற்றினால் 21.5 சதவீதம் வருகிறது. வங்கிகளும் நிதி நிறுவனங்களும் தரும் தனிநபர் தவணைக் கடன்களுக்கு, 2024 அக்டோபர் 1 முதல் ஒரு தகவல் தாள் கொடுக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது. அதில் ஏபிஆர் என்று ஒரு வரி இருக்கும். ப்ராசஸிங் கட்டணம் போன்றவற்றையும் சேர்த்து, வருடத்துக்கு உண்மையில் எவ்வளவு என்பதுதான் அது. கையெழுத்துப் போடுவதற்கு முன் அந்த ஒரு வரியையாவது படித்துவிடுங்கள்.

இப்போது இதையே திருப்பிப் பாருங்கள். எஸ்ஐபி என்றால் மாதாமாதம் ஒரு தொகையை மியூச்சுவல் ஃபண்டில் (பலருடைய பணத்தைச் சேர்த்துப் பங்கு, கடன் பத்திரம் போன்றவற்றில் போடும் திட்டம்) போடுவது, அவ்வளவுதான். மாதம் 5,000 வீதம் ஒரு வருடம் போட்டு 60,000 ஆயிற்று. வருடக் கடைசியில் மதிப்பு 64,000. "ஒரு வருஷத்துக்கு 6.7 சதவீதம்தானா? எஃப்டியே (வங்கி நிரந்தர வைப்பு) தேவலை" என்று நிறுத்திவிடுகிறவர்கள் உண்டு. ஆனால் முதல் மாதம் போட்ட 5,000 மட்டும்தான் முழு வருடம் இருந்தது. கடைசி மாதம் போட்டது ஒரே மாதம்தான் இருந்தது. ஒவ்வொரு தவணையும் எத்தனை நாள் இருந்தது என்று பார்த்துக் கணக்குப் போட்டால் வருட வருமானம் ஏறக்குறைய 12.5 சதவீதம். இந்தக் கணக்குக்குப் பெயர்தான் எக்ஸ்ஐஆர்ஆர். ஃபிளாட் வட்டியில் நம்மைக் கவிழ்த்த அதே கணக்கு இங்கே நமக்குச் சாதகமாக வருகிறது.

அடுத்து "இரட்டிப்பு". இந்த ஒரு சொல்லுக்கு மயங்காதவர்கள் எங்கள் ஊரில் குறைவு. என் சித்தப்பா ஒருநாள் ஒரு பளபளப்பான அட்டையோடு வந்தார். வருடம் ஒரு லட்சம் வீதம் பத்து வருடம் கட்ட வேண்டும், இருபதாவது வருட முடிவில் இருபது லட்சம், உத்தரவாதம். "பத்து கட்டினா இருபது வருதுடா, வேற எவன் குடுப்பான்?" என்றார். இதற்குக் கம்ப்யூட்டர்கூட வேண்டாம். 72ஐ வருடக் கணக்கால் வகுத்தால், அத்தனை வருடத்தில் பணம் இரட்டிப்பாக எத்தனை சதவீதம் வேண்டும் என்பது தோராயமாக வந்துவிடும். முதல் லட்சம் இருபது வருடம் இருக்கிறது, பத்தாவது லட்சம் பதினொரு வருடம். சராசரி பதினைந்தரை. இலைச் சீட்டின் பின்பக்கத்தில் 72ஐ 15.5 ஆல் வகுத்துக் காட்டினேன்: 4.6. துல்லியமாகப் போட்டாலும் 4.5 சதவீதம்தான் வருகிறது. பிபிஎஃப்பில் (அரசின் பொது வருங்கால வைப்பு நிதி) 2020 ஏப்ரலில் இருந்து 7.1 சதவீதம் தருகிறார்கள். அந்த வட்டி அப்படியே நீடித்தால் இதே பத்து லட்சம் அதே இருபது வருடத்தில் 29.5 லட்சத்தைத் தொடும் (கட்டாத வருடங்களிலும் கணக்கு உயிரோடு இருக்கக் குறைந்தது 500 ரூபாய் போட வேண்டும், அது தனி). பாலிசியில் ஆயுள் காப்பீடும் சேர்ந்து வருகிறதே என்று ஏஜென்ட் சொல்வார். சொல்வது சரிதான். அந்தக் காப்பீட்டுக்காக எவ்வளவு விட்டுக்கொடுக்கிறோம் என்று தெரிந்துகொண்டு வாங்கினால் பிரச்சினை இல்லை. வெறும் காப்பீடு மட்டும் வேண்டுமானால் டெர்ம் பாலிசி இருக்கிறது; அதில் உயிரோடு இருந்தால் பணம் திரும்பாது, அதனால்தான் பிரீமியம் குறைவு. சித்தப்பா பாலிசி எடுக்கவில்லை. பிபிஎஃப்பும் தொடங்கவில்லை. கொட்டகைக்குத் தகரம் மாற்றினார்.

சிஏஜிஆர் என்பதும் இந்தக் குடும்பம்தான். ஒரே தடவை போட்ட பணம், வருடா வருடம் ஒரே சீராக வளர்ந்திருந்தால் எத்தனை சதவீதம் வளர்ந்திருக்கும் என்ற எண். குன்னூர் ஏல விலையை வைத்து டீ போர்டு மாதாமாதம் பச்சைத் தேயிலைக்கு ஒரு சராசரி விலை அறிவிக்கிறதல்லவா, அதையே எடுத்துக்கொள்ளுங்கள். 15 வருடத்துக்கு முன் கிலோ 12 ரூபாய், இன்று 24 என்று வைத்துக்கொண்டால், "100 சதவீத ஏற்றம்" என்று மேடையில் பேசலாம். சிஏஜிஆர் 4.7 தான். நடுவில் விலை எப்படியெல்லாம் குதித்தது, எத்தனை பேர் செடியைப் பிடுங்கிவிட்டு கேரட் போட்டார்கள் என்பதை இந்த எண் சொல்லவே சொல்லாது. விளம்பரத்தில் "சராசரி வருமானம்" என்று இருந்தால் இன்னும் கவனம் தேவை. ஒரு வருடம் 50 சதவீதம் இறங்கி, அடுத்த வருடம் 50 சதவீதம் ஏறினால் சராசரி பூஜ்ஜியம். ஆனால் 20 ரூபாய் 10 ஆகி, பிறகு 15 தான் ஆகியிருக்கும்.

என்ஏவி பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஃபண்டிடம் உள்ள சொத்தின் மதிப்பில் கடன், செலவு போக மீதியை மொத்த யூனிட்களால் (ஃபண்டில் நமக்குள்ள பங்கைக் குறிக்கும் அலகு) வகுத்தால் வருவது. புது ஃபண்ட் 10 ரூபாய்க்குக் கிடைக்கிறது, பழையது 500 ரூபாய், அதனால் புதியது மலிவு என்று சொல்லி விற்பது இன்னும் நடக்கிறது. 10,000 ரூபாய்க்கு அங்கே 1,000 யூனிட், இங்கே 20 யூனிட். இரண்டும் 10 சதவீதம் ஏறினால் இரண்டு இடத்திலும் 11,000. யூனிட் எண்ணிக்கையைப் பார்த்து மகிழ்ச்சியடைய ஒன்றுமே இல்லை. டிவிடெண்ட் (லாபப் பங்கு) தரும் பிளானும் அப்படித்தான். கொடுத்த தொகை அன்றைக்கே என்ஏவியில் குறைந்துவிடும். நம் பணத்தில் இருந்தே எடுத்து நமக்குக் கொடுக்கிறார்கள்.

எக்ஸ்பென்ஸ் ரேஷியோ கொஞ்சம் விஷமமானது, ஏனென்றால் அது கண்ணில் படாது. இலை எடை போடும்போது ஈரத்துக்கென்று ஒரு பங்கைக் கழித்துவிட்டு மீதியைத்தானே சீட்டில் எழுதுவார்கள்? அதே மாதிரி, ஃபண்டை நடத்தும் செலவை நாள்தோறும் கழித்துவிட்டுத்தான் என்ஏவி அறிவிப்பார்கள். ஸ்டேட்மென்ட்டில் "கட்டணம்" என்று தனியாக ஒரு வரியும் இருக்காது. ஒரே ஃபண்டில் ரெகுலர் (ஏஜென்ட் வழியாக வாங்குவது), டைரக்ட் (நாமே நேரடியாக வாங்குவது) என்று இரண்டு பிளான் 2013 ஜனவரி முதல் இருக்கின்றன. ரெகுலரில் விற்பவருக்கான கமிஷனும் இந்தச் செலவுக்குள் அடக்கம். ஒரு சதவீதம்தானே என்று தோன்றும். ஒரு லட்சம் 20 வருடத்துக்கு 12 சதவீதத்தில் வளர்ந்தால் 9.65 லட்சம், 11 சதவீதத்தில் 8.06 லட்சம். அதற்காக எல்லோரும் டைரக்ட்டுக்கு ஓடுங்கள் என்று சொல்லமாட்டேன். சந்தை விழும்போது போன் செய்து "எடுத்துடாதீங்க" என்று தடுக்கும் ஒரு நல்ல ஏஜென்ட் அந்த ஒரு சதவீதத்தைச் சம்பாதித்துக் கொடுத்துவிடுவார். அப்படிப்பட்டவர் கிடைக்க வேண்டும், அவ்வளவுதான்.

லிக்விடிட்டி என்றால் அவசரத்துக்கு எவ்வளவு சீக்கிரம், எவ்வளவு நஷ்டமில்லாமல் பணமாக மாற்ற முடியும் என்பது. மலையில் இருப்பவர்களுக்கு இது மிக முக்கியம். இரண்டு ஏக்கர் தேயிலை வைத்திருப்பவர் காகிதத்தில் வசதியானவர்தான். நெஞ்சுவலி என்று இரவோடு இரவாக மலை இறங்கிக் கோயம்புத்தூர் போனால், மருத்துவமனையில் முன்பணம் கேட்பார்கள், பட்டாவைக் கேட்கமாட்டார்கள். நிலம் விற்க மாதக்கணக்காகும். எஃப்டியை மறுநாளே உடைக்கலாம், வட்டி கொஞ்சம் குறையும். லிக்விட் ஃபண்டில் (குறுகிய காலக் கடன் பத்திரங்களில் பணத்தைப் போடும் ஃபண்ட்) ஓரிரு வேலை நாளில் பணம் வந்துவிடும். பங்குச் சந்தை ஃபண்டுகள் பலவற்றில் ஒரு வருடத்துக்குள் எடுத்தால் ஒரு சதவீதம் பிடிப்பார்கள், அதற்குப் பெயர் எக்ஸிட் லோடு.

டெபாசிட் இன்சூரன்ஸ் பற்றி நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். வங்கி மூழ்கினால் ஒருவருக்கு, ஒரு வங்கியில், எல்லாக் கிளைகளிலும் சேர்த்து, அசலும் வட்டியுமாக 5 லட்சம் வரைதான் காப்பீடு. 2020 பிப்ரவரி வரை அது ஒரு லட்சமாகத்தான் இருந்தது. கூட்டுறவு வங்கிகளுக்கும் இது உண்டு. ஆனால் ஊரில் இருக்கும் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களுக்குக் கிடையாது. "அதுவும் பேங்க்தானே" என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். தபால் நிலையச் சேமிப்புக்கு மத்திய அரசே பொறுப்பு, அங்கே இந்த வரம்பு பற்றிக் கவலை வேண்டாம்.

எக்ஸ்ஐஆர்ஆர் போட்டுப் பார்க்க கூகுள் ஷீட்ஸ் போதும். ஒரு வரிசையில் தேதிகள், பக்கத்து வரிசையில் தொகைகள். நாம் கட்டியதற்கெல்லாம் முன்னால் கழித்தல் குறி, கடைசியில் வருவதற்குக் குறி வேண்டாம். எக்ஸ்ஐஆர்ஆர் என்ற ஃபார்முலாவில் முதலில் தொகை வரிசை, பிறகு தேதி வரிசை. ஏலச்சீட்டு, பாலிசி, நகைச்சீட்டு, எஸ்ஐபி எல்லாவற்றையும் இதில் போட்டு ஒன்றோடொன்று ஒப்பிடலாம். எஃப்டியோடு ஒப்பிடும்போது வரியையும் கழித்துக்கொள்ளுங்கள். 7 சதவீத வட்டி, 20 சதவீத வரி என்றால் கையில் 5.6 தான். விலைவாசி 5 சதவீதம் ஏறினால் மிச்சம் 0.6.

பி/இ விகிதம் என்பது ஒரு பங்கின் விலையை, அந்தப் பங்குக்கு உரிய வருட லாபத்தால் வகுத்தது. 25 என்றால் கம்பெனியின் ஒரு ரூபாய் வருட லாபத்துக்கு 25 ரூபாய் கொடுத்து வாங்குகிறோம். நேரடியாகப் பங்கு வாங்கப் போவதில்லை என்றால் இதற்காக இப்போது மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். ஃபண்டின் வருமானத்தையும் ஆபத்தையும் அளக்கும் ஆல்பா, பீட்டா, ஷார்ப் ரேஷியோவும் அப்படியே.