ஊருக்கு ஊர் வேறு பலனா?

கேள்வி: சோமனூரில் தறி ஓட்டுகிறேன். கீழ்முதுகு எலும்பை ஸ்க்ரூ போட்டு இணைக்கச் சொல்கிறார்கள். சில நாடுகளில் நல்ல பலன், சில நாடுகளில் இல்லை என்கிறார்களே, எதை நம்புவது?

பதில்: இரண்டுமே உண்மைதானுங்க தம்பி. 2001இல் வந்த ஸ்வீடன் ஆய்வில், இரண்டு வருடம் கழித்து ஆபரேஷன் செய்துகொண்டவர்களே தேவலையாக இருந்தார்கள். ஆனால் அங்கே ஒப்பிட்டது வழக்கமான பிசியோதெரபியோடு. 2003இல் நார்வேயிலும் 2005இல் பிரிட்டனிலும் தீவிரப் பயிற்சியோடு, வலி பற்றிய பயத்தைப் போக்கும் ஆலோசனையும் சேர்த்துக் கொடுத்தார்கள், வித்தியாசம் சுருங்கிவிட்டது. இதெல்லாம் நாள்பட்ட முதுகுவலிக்காரர்களின் கதை. எலும்பு நழுவியோ நரம்பு நசுங்கியோ இருந்தால் கணக்கே வேறு.

இந்த ஆய்வுகளில் பயன்படுத்திய ஆஸ்வெஸ்ட்ரி கேள்வித்தாள் உட்காருவது, நிற்பது, தூங்குவது என 10 பகுதிகளில் முடக்கத்தை அளக்கும். கனம் தூக்குவதையும் பொதுவாகக் கேட்கும், ஆனால் தறியில் பாவு (நூல் உருளை) தூக்கும் வேலையைத் தனியாகக் கேட்காது! ஆபரேஷனுக்குப் பிறகு, கூலிக்கு ஓட்டுபவருக்குச் சம்பளத்தோடு ஓய்வு ஏது? என்னிடம் பிசியோவுக்கு வருபவர்களில், அவசரமாகத் தறிக்குத் திரும்பியவர்கள் படும் பாடு எனக்கு மனசு பொறுக்காது.

உங்களுக்கு நழுவலா, நரம்பு அழுத்தமா, வெறும் தேய்மானமா? டாக்டரிடம் நேராகக் கேளுங்கள். தேய்மானம் மட்டும்தான் என்றால், முறையான பயிற்சியைச் சில மாதம் விடாமல் செய்து பாருங்கள். கால் மரத்தாலோ, சிறுநீர் அடக்க முடியாவிட்டாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். பீடி பிடிப்பவர் என்றால் இன்றே நிறுத்துங்கள். எலும்பு ஒட்டுவதை அது கெடுக்கும்.