பாட்டில், ரூபாய் நோட்டு, தொரட்டி: டிசைன் படிக்க விரும்பும் மகளுக்கு வீட்டுப் பயிற்சி

கேள்வி: மகள் பாலக்கோட்டில் அரசுப் பள்ளியில் பிளஸ் ஒன் படிக்கிறாள், கணிதம் – கணினி அறிவியல் பிரிவு. டிசைன் படிக்கப் போகிறேன் என்கிறாள். ஓவியம் சுமார்தான். ஆனால் கையில் கிடைப்பதையெல்லாம் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள், கழற்றிப் போடுவாள். "படம் வரைந்து என்ன சம்பாதிக்க முடியும்?" என்கிறார் அவள் அப்பா. பெங்களூரில் கோச்சிங் சேர்க்கச் சொல்கிறார்கள். கேட்கும் தொகை எங்களுக்குப் பெரிது. என்ன செய்யலாம்?

பதில்:

அம்மா, நீங்கள் எழுதியதில் எங்களுக்கு நம்பிக்கை தருவது அந்தத் திருப்பித் திருப்பிப் பார்க்கும் பழக்கம்தான். ஓவியம் சுமார் என்பதை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். ஒரு பொருளை அளவு தவறாமல், பார்ப்பவருக்குப் புரியும்படி கோட்டில் வரையத் தெரிந்தால் போதும். அது ஓர் ஆண்டுப் பழக்கத்தில் வந்துவிடும். உற்றுப் பார்க்கும் பழக்கம் அவ்வளவு சீக்கிரம் வராது. ஆகவே கோச்சிங்குக்கு இப்போது பணம் கட்டாதீர்கள். ஆறு மாதம் வீட்டிலேயே ஒரு பயிற்சியைச் செய்யட்டும். தேவைப்படுவது கோடில்லாத ஒரு நோட்டு, எச்.பி., 2பி பென்சில் ஒவ்வொன்று, 30 செ.மீ. அளவுகோல், கொஞ்சம் நூல்.

ஒரே வேலைக்குப் பயன்படும், பார்க்க ஏறக்குறைய ஒன்றுபோல இருக்கும் பொருள்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைக்க வேண்டும். எங்கெங்கே வேறுபடுகின்றன, ஒவ்வொரு வேறுபாடும் எதனால் வந்தது என்று தேட வேண்டும். பயிற்சி இவ்வளவுதான். ஐஐடிகளில் பி.டெஸ். எனப்படும் டிசைன் இளநிலைப் படிப்பில் சேர்வதற்கான யூசீட் தேர்வின் பாடத்திட்டத்தில் உற்றுநோக்கலுக்கும் வடிவமைப்பு உணர்வுக்கும் தனியாகவே ஒரு பகுதி உண்டு. மனப்பாடத்தால் அதைக் கடக்க முடியாது.

பேருந்து நிலையக் கடையில் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் ஒன்றும், ஏறக்குறைய அதே அளவில் கேஸ் நிரப்பிய குளிர்பான பாட்டில் ஒன்றும் வாங்குங்கள். இரண்டும் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக், இரண்டுக்கும் திருகு மூடி. காலி செய்துவிட்டு அடியைப் பார்க்கச் சொல்லுங்கள். குளிர்பான பாட்டிலின் அடி பெரும்பாலும் ஐந்து கால்களாகப் பிரிந்திருக்கும். தண்ணீர் பாட்டிலின் அடி ஏறக்குறைய தட்டை. உள்ளே இருக்கும் கேஸ் எல்லாப் பக்கமும் தள்ளும். அடி தட்டையாக இருந்தால் வெளியே புடைத்துவிடும், பாட்டில் நிற்காமல் ஆடும். அதனால் உருண்டையான அடியை வைத்து, நிற்பதற்காக அதிலேயே கால்களை இழுத்திருக்கிறார்கள். தண்ணீர் பாட்டிலில் அந்த அழுத்தம் இல்லை. சுவர் மெல்லியதாக இருந்தாலே போதும். ஆனால் மெல்லிய சுவரைக் கையால் பிடித்தால் உள்ளே போய்விடும். அதைத் தாங்கத்தான் உடம்பைச் சுற்றி வரி வரியாகப் பள்ளங்கள். குளிர்பான பாட்டிலுக்கு உள்ளே இருக்கும் கேஸே முட்டுக்கொடுப்பதால் அந்த வரிகள் இல்லாமலே நிற்கிறது. மூடியைத் திறந்த பிறகு அதே பாட்டில் எவ்வளவு எளிதாக நசுங்குகிறது என்று அமுக்கிப் பார்க்கலாம்.

இனிக் கழுத்து. குளிர்பான பாட்டிலின் மரையில் மேலிருந்து கீழாக வெட்டுகள் இருக்கும். மூடியைத் திருகத் தொடங்கியதும், அது மரையை விட்டு முழுதாகக் கழல்வதற்கு முன்பே கேஸ் அந்த வெட்டுகள் வழியே வெளியேறிவிடுகிறது. வெட்டு இல்லையென்றால் கடைசிச் சுற்றில் மூடி முகத்தில் அடிக்கும். அடியின் நடுவில் ஒரு சிறு புள்ளி தெரியும். அது வாங்குபவருக்காக வைத்தது இல்லை. உருகிய பிளாஸ்டிக் அச்சுக்குள் நுழைந்த இடத்தின் தழும்பு.

இந்தக் கடைசிப் புள்ளியில்தான் பிள்ளைகள் அதிகம் தடுமாறுகிறார்கள். பார்க்கும் ஒவ்வொன்றுக்கும் பயன்படுத்துபவர் சார்ந்த காரணம் ஒன்றைக் கற்பித்துவிடுவார்கள். காரணங்கள் மூன்று பக்கத்திலிருந்து வரும்: கையாளுபவருக்காக வந்தவை, செய்யும் முறையால் வந்தவை, லாரியிலும் கடையிலும் அடுக்குவதற்காக வந்தவை. பிளாஸ்டிக் வாளி கீழே குறுகி மேலே விரிவதற்கு இரண்டு காரணங்கள் சேர்ந்து வேலை செய்கின்றன. நேர்ச் சுவராக இருந்தால் அச்சிலிருந்து கழன்று வராது. ஒன்றுக்குள் ஒன்று அடுக்கவும் முடியாது. பிளாஸ்டிக் குடத்தைக் கவிழ்த்தால் அடியில் ஒட்டுப்போட்டதுபோல ஒரு கோடு தெரியும். குழாய்போல வந்த சூடான பிளாஸ்டிக்கை அச்சு கவ்வி, காற்றை ஊதி உப்ப வைத்தபோது விழுந்த கோடு அது. வாளிக்கு அந்தக் கோடு கிடையாது. குடத்தின் வாய் குறுகலாக இருப்பதால் உள்ளிருந்து அச்சை உருவ முடியாது, ஊதித்தான் செய்ய வேண்டும் என்பது வரை அவள் தானே வந்து சேர்ந்தால், பயிற்சி சரியான வழியில் போகிறது.

இனி, வாரத்தில் எப்படிச் செய்வது. வாரத்துக்கு ஒரு பொருள். முக்கால் மணி நேரம் வீதம் இரண்டு முறை உட்கார்ந்தால் போதும், பள்ளிப் படிப்பு கெடாது. இரண்டைவிட மூன்று மாதிரிகள் நல்லது. இரண்டு மட்டும் இருந்தால் மனம் உடனே இது நல்லது, அது மோசம் என்று தீர்ப்புச் சொல்லிவிடும். மூன்றாவது வந்தால் தீர்ப்பு நின்று, பார்ப்பது தொடங்கும். மூன்றும் ஒரே வேலைக்கானவையாக, விலையும் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்கட்டும். டம்ளரையும் குடத்தையும் ஒப்பிட்டால் வேறுபாடு ஏராளமாகக் கிடைக்கும், கற்றுக்கொள்ள ஒன்றும் கிடைக்காது.

முதல் பத்து நிமிடம் பென்சிலைத் தொடக்கூடாது. கண்ணை மூடிக்கொண்டு கையால் மட்டும் தடவிப் பார்க்க வேண்டும். பிறகு ஒவ்வொன்றையும் நிஜ அளவிலேயே முன்புறம், பக்கவாட்டு, மேற்புறம் என்று மூன்று படங்களாக வரைய வேண்டும். நிழல், பளபளப்பு எதுவும் வேண்டாம். குடம் போன்ற பெரியவற்றைப் பாதி அல்லது கால் அளவில் வரையலாம். எந்த அளவு என்று பக்கத்திலேயே எழுத வேண்டும். உருண்டையான பொருளின் விட்டத்துக்கு நூலைச் சுற்றி அளந்து 3.14-ஆல் வகுக்கலாம். வாய்ப்பக்கச் சுவரின் தடிமனுக்கு, வெளி விட்டத்திலிருந்து உள் விட்டத்தைக் கழித்துப் பாதியாக்கலாம். எவ்வளவு கொள்ளும் என்பதற்கு, டம்ளரை மளிகைக் கடைத் தராசில் காலியாகவும் தண்ணீரோடும் நிறுத்தால், கூடிய ஒவ்வொரு கிராமும் ஒரு மில்லி. செல்போனில் படம் எடுத்து அதைப் பார்த்து வரைய விடாதீர்கள். கிட்டத்தில் எடுத்த படத்தில் முன்னால் இருப்பது பெருத்தும் பின்னால் இருப்பது சிறுத்தும் விழும். விகிதம் முழுக்கத் தப்பாகிவிடும்.

அதன் பிறகு வேறுபாடுகளை எழுத வேண்டும், குறைந்தது இருபது. நிறம், பெயர், உயரம், விலை என்று முதல் ஏழெட்டு ஓடிவரும். அதோடு நின்றுவிடும். பெரும்பாலானவர்கள் எழுந்து போவது அங்கேதான். உருப்படியானவை தொடங்குவதும் அங்கேதான். நின்றுவிட்டால் கவிழ்த்துப் பார்க்கலாம், தட்டிச் சத்தம் கேட்கலாம், இடது கையில் பிடிக்கலாம், சோப்புக் கையோடு தூக்கலாம், பாதி நிரப்பிச் சாய்த்து ஊற்றலாம். நோட்டில் மூன்று பத்திகள்: என்ன வேறுபாடு, காரணம் என்னவாக இருக்கலாம், எப்படிச் சரிபார்த்தேன். மூன்றாவது பத்தி காலியாக இருந்தால் இரண்டாவதில் இருப்பது ஊகம். ஊகம் தப்பில்லை, ஊகம் என்று குறித்துவைத்தால் போதும். "அழகாக இருக்கிறது", "பிடிக்கவில்லை" போன்ற சொற்களை மட்டும் நோட்டுக்குள் விடாதீர்கள். பிடிக்கவில்லையென்றால் எந்த இடம், எந்த வேலையின்போது என்று எழுதட்டும்.

ரூபாய் நோட்டு செலவில்லாத அருமையான பாடம். இப்போதைய வரிசையில் ஊதா 100, மஞ்சள் 200, சாம்பல் நிற 500 மூன்றையும் அளந்தால், அகலம் மூன்றுக்கும் 66 மி.மீ.; நீளம் 142, 146, 150. நான்கு மில்லிமீட்டர்தான் வித்தியாசம். 10, 20, 50 ரூபாய் நோட்டுகள் 123, 129, 135 என்று ஆறு ஆறாகக் கூடுகின்றன. பார்வையற்றவர் நீளத்தை வைத்து நோட்டைப் பிரிக்க வேண்டும் என்றால், எந்த இடத்தில் தடுமாற்றம் வரும்? 100-க்கு மேல்தான். அந்த நோட்டுகளின் இரு ஓரங்களிலும் தடவினால் தெரியும்படி சாய்ந்த கோடுகள் வைத்திருப்பதைக் கவனிக்கச் சொல்லுங்கள்: 100-இல் நான்கு, 200-இல் நான்கு கோடுகளுக்கு நடுவே இரண்டு வட்டங்கள், 500-இல் ஐந்து. பிறகு கண்ணை மூடிக்கொண்டு புது நோட்டுகளையும் கசங்கிய நோட்டுகளையும் கலந்து பிரித்துப் பார்க்கட்டும். கசங்கியதில் கோடுகள் தேய்ந்து கை ஏமாறும். ஒரு நல்ல ஏற்பாடு எங்கே தோற்கிறது என்பதையும் எழுதிவைக்க வேண்டும்.

அடுத்து ப்ளக். வீட்டில் சும்மா கிடக்கும் ப்ளக்குகளை எடுத்துக்கொள்ளட்டும். சுவர்ப் பெட்டியில் கை வைக்க வேண்டாம். மூன்று முள் ப்ளக்கில் எர்த் முள் மற்ற இரண்டையும்விட நீளம், பருமன். செருகும்போது அது முதலில் தொட்டு, பிடுங்கும்போது கடைசியில் விடுகிறது. பருமனாக இருப்பதால் வேறு துளைக்குள் நுழையாது.

உங்கள் பக்கத்துப் பொருள்களில் மாங்காய் பறிக்கும் தொரட்டியை விட்டுவிடக் கூடாது. ஏப்ரல் முதல் ஜூன் வரை காவேரிப்பட்டினம், பர்கூர் பக்கம் தோப்புகளில் பல வகைகள் கையில் இருக்கும்: வெறும் கொக்கி, வலை கட்டிய வளையம், வளையத்தோடு கத்தி வைத்தது. கொக்கியால் இழுத்தால் காய் காம்பு இல்லாமல் பிய்ந்து வரும், பால் வழிந்து தோல் கருகும், கீழே விழுந்தால் அடியும் படும். கத்தி எந்த உயரத்தில் இருக்கிறது, காய்க்கு மேல் எவ்வளவு காம்பு நிற்கிறது, கம்பு எவ்வளவு கனம், நிமிர்ந்து பார்த்தபடி அதைப் பிடிப்பவரின் கழுத்து என்ன ஆகிறது என்று பறிப்பவர் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். அரிவாளும் அப்படித்தான். கருக்கரிவாளின் பல் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பதைக் கண்ணால் மட்டும் பார்க்கட்டும், விரலை ஓட்டக்கூடாது. புதியதையும் பத்து வருடம் உழைத்ததையும் பக்கத்தில் வைத்தால், பிடியில் எந்த இடம் வழவழப்பாகியிருக்கிறதோ அங்கே விரல்கள் அமர்ந்தன என்று தெரியும். தேய்மானம் பொய் சொல்லாது. கேட்டால் மனிதர்கள் மறந்துபோய் ஏதாவது சொல்வார்கள்.

மாதத்துக்கு ஒருமுறை, பார்த்தவற்றில் ஒன்றை எடுத்து ஒரே ஒரு மாற்றம் செய்யட்டும். அட்டை, களிமண், பழைய சைக்கிள் டியூப், எது கிடைத்தாலும் சரி. இரண்டு மாற்றங்களை ஒன்றாகச் செய்தால் எது பலன் தந்தது என்று தெரியாது. செய்ததை இன்னொருவர் கையில் கொடுத்து, எதுவும் விளக்காமல் பார்க்க வேண்டும். நேர்காணல் வைக்கும் கல்லூரிகளில் காட்ட இந்தப் பக்கங்கள் உதவும்.

இனி, என்ன சம்பாதிக்க முடியும் என்று கேட்கும் அவள் அப்பாவுக்கு. 1958-இல் அமெரிக்க வடிவமைப்பாளர்களான சார்லஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் தம்பதி இந்திய அரசுக்கு ஓர் அறிக்கை கொடுத்தார்கள். அதில் அவர்கள் மிகவும் வியந்து எழுதிய பொருள் நம் வீட்டுச் சொம்பு. எவ்வளவு தண்ணீர், எவ்வளவு பெரிய கை, இடுப்பிலா தலையிலா, காலியாக இருக்கும்போது எப்படி நிற்கும், எப்படி ஊற்றும், என்ன விலை, தட்டினால் என்ன சத்தம் என்று கேள்விகளாக அடுக்கினார்கள். அந்த அறிக்கையைத் தொடர்ந்துதான் 1961-இல் அகமதாபாத்தில் என்.ஐ.டி. எனப்படும் தேசிய வடிவமைப்பு நிறுவனம் வந்தது. அங்கே படித்தவர்கள் வண்டி, கடிகாரம், மருத்துவக் கருவி, பொட்டலம், செல்போன் செயலி என்று பல துறைகளில் வேலை செய்கிறார்கள். ஓசூரில் இருசக்கர வாகனமும் டைட்டன் கடிகாரமும், போச்சம்பள்ளி பக்கம் மின் ஸ்கூட்டரும் தயாராகின்றன. வடிவமைத்தவர், அச்சு செய்தவர், தரம் பார்ப்பவர் எல்லாருக்கும் அரை மில்லிமீட்டர் வேறுபாட்டைக் காணும் கண்தான் முதல் தகுதி. முதல் வேலையிலேயே பெரிய சம்பளம் என்று நாங்கள் சொல்லமாட்டோம். பொறியியலைப் போலவே இதிலும் படித்த இடமும் கையில் இருக்கும் வேலைத் தொகுப்பும் பொறுத்தே சம்பளம்.

தேர்வுகளைப் பொறுத்தவரை, யூசீட்டை ஐஐடி பம்பாய் நடத்துகிறது. மொத்தம் மூன்று மணி நேரம்: கணினியில் பகுதி ஏ 200 மதிப்பெண், வரைதல் உள்ள பகுதி பி 100 மதிப்பெண். தேர்வு ஜனவரியில், விண்ணப்பம் முந்தைய ஆண்டின் அக்டோபர் வாக்கில். என்.ஐ.டி. தேர்வு இரண்டு கட்டம். இரண்டாவதில் கையால் பொருள் செய்துகாட்டும் ஸ்டுடியோ தேர்வு உண்டு. ஆடை, அணிகலன் பக்கம் ஆர்வம் இருந்தால் நிஃப்ட் எனப்படும் தேசிய ஃபேஷன் டெக்னாலஜி நிறுவனத்தின் சென்னைக் கிளை. யூசீட் மூலம் சேர்க்கும் நிறுவனங்களில் சில எந்தப் பிரிவையும் ஏற்கும், சில இயற்பியல், வேதியியல், கணிதம் கேட்கும். உங்கள் மகளிடம் மூன்றும் இருப்பதால் பிரிவை மாற்ற வேண்டியதில்லை. இவற்றில் இடம் கிடைக்காவிட்டால், பர்கூர் அல்லது தருமபுரி அரசு பொறியியல் கல்லூரியில் மெக்கானிக்கல் படித்துவிட்டு, டிசைன் முதுநிலைப் படிப்பான எம்.டெஸ்.-க்கு உரிய சி.இ.இ.டி. நுழைவுத் தேர்வு எழுதிப் போகும் வழி இருக்கிறது. அதை இரண்டாம் தரம் என்று நினைக்காதீர்கள். செய்முறை தெரிந்த டிசைனருக்கு மதிப்பு அதிகம். அரசுப் பள்ளி மாணவி என்பதால் புதுமைப்பெண் திட்டத்தின் மாதம் 1000 ரூபாய்க்கு என்னென்ன சான்றுகள் வேண்டும் என்பதையும், நான் முதல்வன் வழிகாட்டுதலையும் தலைமையாசிரியரிடம் இப்போதே கேட்டுவையுங்கள்.

ஆறு மாதம் கழித்து நோட்டைப் பாருங்கள். பத்திருபது பொருள்கள் நிரம்பியிருந்து, சொல்லாமலே அவள் அடுத்ததைத் தேடுகிறாள் என்றால் தாராளமாக முன்னே போகலாம். நாலாவது வாரத்திலேயே நின்றுபோயிருந்தால் திட்டாதீர்கள். கணிதப் பிரிவின் மற்ற வழிகள் எல்லாம் அப்படியே திறந்திருக்கின்றன. முன்னே போவதானால், கோச்சிங் பற்றிப் பிளஸ் டூ தொடக்கத்தில் யோசிக்கலாம். அப்போதும் முழு ஆண்டு வகுப்பு தேவையில்லை, நேரம் வைத்து எழுதும் மாதிரித் தேர்வுகள் மட்டும் போதும். யூசீட்டின் பழைய வினாத்தாள்கள் அதன் இணையதளத்திலேயே இலவசமாகக் கிடைக்கின்றன; பகுதி பி-யை ஒரு மணி நேரத்துக்கு மேல் எழுத விடாதீர்கள்.