விண்மீன் நெரிசல்: கேள்வி பதில்

பனைமரம்: சார், நட்சத்திரங்கள் ஒன்றுக்கொன்று எவ்வளவு நெருக்கம்?

இடத்துக்கு இடம் மாறும். நம் பக்கம் பெரும் காலியிடம். 10 ஒளியாண்டுக்குள் சூரியனையும் சேர்த்தால் 12 விண்மீன்கள்தான். சென்னை சென்ட்ரலில் ஒரு கொண்டைக்கடலையை வைத்து அதுதான் சூரியன் என்று வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த விண்மீனான பிராக்சிமா சென்டாரி ஒரு கடுகு. அது கிடப்பது சுமார் 290 கி.மீ. தள்ளி, கிட்டத்தட்ட திருச்சியில். நடுவில் வேறு விண்மீன் எதுவும் கிடையாது.

இப்போது ஒமேகா சென்டாரிக்கு வாருங்கள். சுமார் 1 கோடி விண்மீன்கள் திரண்ட கோளக் கொத்து அது. அதன் நடுவில் சென்ட்ரலில் ஒன்று என்றால் அடுத்தது அடையாற்றில். நம் பால்வீதியின் மையத்தில், கருந்துளையை ஒட்டிய பகுதியில், ஏறக்குறைய கிலோமீட்டருக்கு ஒன்று. உச்சகட்ட நெரிசலே இவ்வளவுதான்.

ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன்: கொத்துகளின் படத்தில் ஒட்டித் தெரிவது வானத்தில் ஒட்டி இருப்பதல்ல. விண்மீனின் ஒளி கேமராவில் பரவித்தான் அவ்வளவு பெரிய பொட்டாகிறது.

வெள்ளிமுளை: ஒமேகா சென்டாரியை நம் ஊரிலிருந்து பார்க்க முடியுமா ஐயா?

தாராளமாக. ஐரோப்பாவில் பெரும்பாலோருக்கு இது அடிவானத்துக்குக் கீழே. நமக்கு அந்தக் கொடுப்பினை உண்டு. மே மாத நடுவில், இரவு 10 மணிக்கு, தெற்கே திரும்பி நில்லுங்கள். கையை நீட்டி முஷ்டியை மடக்கினால் அது சுமார் 10 டிகிரி. சென்னைப் பக்கம் அடிவானத்திலிருந்து மூன்று முஷ்டி உயரம். கன்னியாகுமரியில் இன்னும் அரை முஷ்டி கூடும். ஊர் வெளிச்சம் இல்லாத இடத்தில் வெறும் கண்ணுக்கே மங்கலான ஒரு புள்ளி தெரியும். பைனாகுலரில் பால் துளி சிந்திய மாதிரி இருக்கும். 8 அங்குலத் தொலைநோக்கியில் அந்தத் துளி உடையும்: கறுப்புத் துணியில் ரவை கொட்டினாற்போல, நடுவில் குவியலாக, ஓரத்தில் ஒவ்வொன்றாக. நான் முதன்முதலில் பார்த்த இரவு கண்ணை எடுக்கவே மனம் வரவில்லை. அந்த ஒளி கிளம்பி ஏறக்குறைய 17,000 ஆண்டுகள் ஆகின்றன.

மூன்றாம்பிறை: கார்த்திகையும் ரோகிணியும் கொத்துகள்தானே?

கார்த்திகை கொத்துதான், சுமார் 440 ஒளியாண்டு தூரத்தில். ரோகிணி தனி விண்மீன், 65 ஒளியாண்டு. அதைச் சுற்றித் தெரியும் ஹையாடஸ் கொத்து 150 ஒளியாண்டுக்கு அப்பால் இருக்கிறது. ஒட்டித் தெரிவது ஒட்டி இருப்பதல்ல.

அல்லி: என் மகள் கேட்டை நட்சத்திரம். கல்யாணத்துக்குத் தோஷமா?

அதை ஜாதகம் பார்ப்பவரிடம் கேளுங்கள் அம்மா. மகளைக் கூட்டிக்கொண்டு மாடிக்குப் போய்க் கேட்டையை, அதாவது அன்டாரஸ் என்ற சிவந்த விண்மீனைக் காட்டுங்கள். அதற்கு மேற்கே ஒரு விரல் அகலம் தள்ளி எம்4 என்ற கோளக் கொத்து இருக்கிறது. பைனாகுலர் போதும்.

கருவேலன்: பக்கத்து அண்டமான ஆண்ட்ரோமெடா நம் பால்வீதியில் மோதினால் சூரியன் நொறுங்கிவிடுமா அண்ணே?

மோதுமா என்பதே பாதிக்குப் பாதிதான் என்கிறது 2025-ல் வந்த கணிப்பு. மோதினாலும் விண்மீன்கள் விலகிப் போய்விடும். கொண்டைக்கடலைக் கணக்கை நினைத்துப் பாருங்கள். ஆனால் அண்டங்கள், அதாவது பால்வீதி போன்ற பெரும் விண்மீன் கூட்டங்கள், தம் அளவுக்கு மிக நெருக்கமாக இருப்பவை. பால்வீதி ஒரு சாப்பாட்டுத் தட்டு என்றால் ஆண்ட்ரோமெடா ஏழெட்டு மீட்டரில் இன்னொரு தட்டு. அண்டங்கள் மோதும், விண்மீன்கள் மோதாது என்பது இதனால்தான்.

சாலையோரம்: இரண்டு அண்டம் மோதினால் நட்சத்திரங்களும் மோதத்தானே வேண்டும்?

மேலே இருக்கும் பதிலைப் படியுங்கள்.

தும்பை: யூடியூபில் சூரியன் வெடிப்பதாகக் காட்டினார்களே?

அதற்கும் மேலே உள்ளதுதான் பதில்.

குறிஞ்சி: "விண்மீன்கள் மோதாது" என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லாதீர்கள். புளூ ஸ்ட்ராக்லர்கள் எங்கிருந்து வந்தன?

சரியான இடத்தில் பிடித்தீர்கள். என் வாக்கியத்தைத் திருத்துகிறேன்: நம் பக்கம் மோதாது, கொத்தின் நடுவில் மோதும். 1953-ல் வானியலாளர் ஆலன் சாண்டேஜ் எம்3 என்ற கோளக் கொத்தில் நீல விண்மீன்கள் சிலவற்றைக் கண்டார். இவைதான் புளூ ஸ்ட்ராக்லர்கள். அவை அங்கே இருக்கக் கூடாதவை. கொத்தின் விண்மீன்கள் பழம் கிழங்கள். நீலமாக எரிபவை எரிபொருளைச் சீக்கிரம் தீர்த்துவிடும். அவை எப்போதோ முடிந்திருக்க வேண்டும். அப்படியானால் இவை பிறகு புதிதாக உருவானவை: இரண்டு மோதி ஒன்றானவை, அல்லது ஒன்றையொன்று சுற்றும் இரட்டை விண்மீன்களில் ஒன்று மற்றதன் பொருளை உறிஞ்சிப் பெருத்தது.

கருவேலன்: அப்போ அடையாறு தூரத்திலும் மோதுகிறதே! கணக்கு உதைக்கிறதே அண்ணே?

உதைக்கவில்லை தம்பி. ஈர்ப்பு அருகில் வருவதை இழுத்துக்கொள்கிறது. கூட்டம் லட்சக்கணக்கில், அவகாசம் 1,000 கோடி ஆண்டுக்கும் மேல். அபூர்வமானதும் அதற்குள் பலமுறை நடந்துவிடும்.

குறிஞ்சி: இவ்வளவு நெரிசலில் கோள்கள் தங்குமா?

2000-ல் வெளியான ஆய்வு ஒன்று. 47 டுக்கானே என்ற கோளக் கொத்தில் சுமார் 34,000 விண்மீன்களை ஹப்பிள் விண்வெளித் தொலைநோக்கி 8 நாளுக்கு மேல் கண்காணித்தது. நம் பக்கத்துக் கணக்குப்படி வியாழன் போன்ற கோள்கள் 17 அகப்பட்டிருக்க வேண்டும். ஒன்றுகூட இல்லை. நெரிசலை மட்டும் குற்றம் சொல்ல முடியாது, அந்த விண்மீன்களில் இரும்பு போன்ற கனத் தனிமங்களும் குறைவு. ஆனால் கேட்டைக்குப் பக்கத்து எம்4-ல், ஒரு பல்சாரையும் வெண்குறு விண்மீனையும் (இரண்டுமே ஆயுள் முடிந்த விண்மீன்களின் மிச்சம்) சேர்த்துச் சுற்றும் கோள் ஒன்று இருக்கிறது. அல்லி அம்மா, மகளிடம் அதையும் சொல்லுங்கள்.