கடலோரத்தில் கட்டலாமா, தோண்டலாமா? கேள்வி பதில்

கரை அளவெடுப்பு வேலையில் பல வருடங்களாக இருக்கிறேன். வந்த கேள்விகளில் பலருக்கும் பயன்படக்கூடியவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

கேள்வி: கடலிலிருந்து 50 மீட்டர் தள்ளி எங்களுக்கு நிலம் இருக்கிறது. அலை ஒருநாளும் அங்கே வந்ததில்லை. வீடு கட்டலாமா?

அந்த 50 மீட்டரை எங்கிருந்து அளந்தீர்கள்? ஓதம் ஏறும்போது கரை ஓரிடத்தில் இருக்கும், வற்றும்போது வேறிடத்தில். புயல் மாதங்களில் அலை மணலை இழுத்துப்போய்க் கடலடியில் திட்டாகப் போடும்; கடல் அமைதியானதும் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பித் தரும். அதனால் ஓதம் அதிகமாக ஏறும்போது நீர் எட்டும் உயர் ஓதக் கோட்டிலிருந்துதான் அளக்க வேண்டும். பார்படாஸ் தீவில் மணற்கரைக்கு அந்தக் கோட்டிலிருந்து 30 மீட்டர் விடச் சொல்கிறார்கள். இந்தியாவின் 1991 கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை அதே கோட்டிலிருந்து 500 மீட்டர் வரையுள்ள நிலத்தை ஒழுங்குமுறைக்குள் கொண்டுவந்தது.

ஆனால் சட்டம் சொல்லும் தூரம் மட்டும் போதாது. கரை வருடத்துக்கு ஒரு மீட்டர் பின்வாங்கும் இடத்தில் 60 வருடம் நிற்க வேண்டிய வீட்டுக்கு 60 மீட்டர் அதிலேயே போய்விடும். புயல் அரிப்பு அதற்கு மேல். லேண்ட்சாட் செயற்கைக்கோள் படங்கள் 1972 முதல் இருக்கின்றன, இலவசமாகவே பார்க்கலாம். பழைய படங்களில் உங்கள் கரை எங்கே இருந்தது என்று பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

கேள்வி: பக்கத்து ஊரில் கரையிலிருந்து கடலுக்குள் நீளும் கற்சுவர், அதாவது தூண்டில் வளைவு, போட்டார்கள். அவர்கள் கரை அகலமானது, எங்கள் கரை போய்விட்டது. இது தற்செயலா?

இல்லை. உங்கள் மணலைத்தான் அவர்கள் பிடித்து வைத்திருக்கிறார்கள். அலை கரைக்கு நேராக வருவது குறைவு. சாய்வாக வந்து மோதி, மணலைக் கரையோரமாகவே ஒரு பக்கம் நகர்த்திக்கொண்டு போகும். ஆறு போல ஓடும் மணல் அது. குறுக்கே கல்லைப் போட்டால் வரும் பக்கம் மணல் சேரும், போகும் பக்கம் பட்டினி கிடக்கும். உடனே உங்கள் ஊரும் வளைவு கேட்கும், அப்புறம் அடுத்த ஊர். கடைசி ஊருக்கு என்ன மிஞ்சும்? இதைப் பார்த்துப் பார்த்து எனக்கு மனம் விட்டுப்போயிருக்கிறது. ஊர் எல்லையை வைத்துக் கரையை நிர்வகிக்க முடியாது; ஒரே மணலைப் பகிர்ந்துகொள்ளும் ஊர்களெல்லாம் ஒரே திட்டத்துக்குள் வர வேண்டும்.

கரையோரமாகக் கட்டும் தடுப்புச் சுவரும் தீர்வில்லை. மோதித் திரும்பும் அலை சுவரின் அடி மணலை அரிக்கும். பின்னால் இருக்கும் சாலை பிழைக்கலாம். முன்னால் படகு ஏற்றி வைக்கும் மணற்பரப்பு போய்விடும்.

காரணம் தொலைவிலும் இருக்கலாம். 1970-இல் கட்டி முடித்த அஸ்வான் உயர் அணை நைல் ஆற்றின் வண்டலைத் தடுத்ததில், ஏறத்தாழ ஆயிரம் கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ரொசெட்டா முகத்துவாரக் கரையின் அரிப்பு மோசமானது. ஆற்றில் மணல் அள்ளுவதற்கும் இதே விளைவுதான்.

கேள்வி: மணலைக் கொண்டுவந்து கொட்டினால் சரியாகுமா?

கல்லைவிட நல்லது. நெதர்லாந்தில் 2011-இல் 2.15 கோடி கனமீட்டர் மணலை ஒரே இடத்தில் குவித்து, அலையும் காற்றும் பரப்பட்டும் என்று விட்டார்கள். ஆனால் மணலின் பருமன் கரைக்குப் பொருந்த வேண்டும், எடுக்கும் இடத்தின் கடலடி உயிர்கள் அழியக்கூடாது. திரும்பத் திரும்பக் கொட்டவும் வேண்டியிருக்கும்.

கேள்வி: அலையாத்தி நட்டால் போதுமா?

மணற்கரையில் நட்டுப் பயனில்லை. அங்கே மணலைப் பிடிப்பது அடும்புக் கொடியும் இராவணன் மீசைப் புல்லும்தான். மணல்மேட்டைச் சமப்படுத்தாமல் விட்டால் வெப்பமண்டலக் கரைகளில் அவையே படரும். அலையாத்திக்குச் சேறும் ஓதநீர் வந்துபோகும் வழியும் வேண்டும். எந்நேரமும் முழுகிக் கிடக்கும் தாழ்ந்த சேற்றில் நட்டுக் கன்றுகள் செத்துப்போவது உலகம் முழுக்க நடக்கிறது. அடைபட்ட ஓடையைத் திறந்துவிட்டால் விதைகள் தாமாகவே வந்து முளைக்கும் இடங்கள் நிறைய.

கேள்வி: கிணற்று நீர் உப்பாகிவிட்டது. இன்னும் ஆழமாகத் தோண்டலாமா?

தோண்டாதீர்கள். நன்னீர் எடை குறைவு என்பதால் உவர்நீரின் மேல் மிதக்கிறது. கடல்மட்டத்துக்கு மேல் ஒரு மீட்டர் நன்னீர் நின்றால், கீழே சுமார் 40 மீட்டர் வரை நன்னீர் இருக்கும். மேலே அரை மீட்டர் இறங்கினால் கீழே உப்பு 20 மீட்டர் ஏறிவரும். ஆழமில்லாத கிணறுகள் பலவற்றில் கொஞ்சம் கொஞ்சமாக எடுங்கள், மழைநீரை உள்ளே விடுங்கள்.

கேள்வி: துறைமுகத் திட்டத்துக்குக் கருத்துக் கேட்புக் கூட்டம் வைக்கிறார்கள். என்ன கேட்பது?

மணல் எந்தப் பக்கம், வருடத்துக்கு எவ்வளவு போகிறது, எல்லாப் பருவத்திலும் அளந்தார்களா என்று கேளுங்கள். வலை உலர்த்தும் இடமும் படகுத்துறையும் வரைபடத்தில் இருக்கின்றனவா என்று மீனவர்களை வைத்தே சரிபாருங்கள். அலைத்தடுப்புச் சுவர் பிடிக்கும் மணலை மறுபக்கம் யார் கொண்டுபோய்ச் சேர்ப்பார்கள் என்பது முக்கியமான கேள்வி. ஆஸ்திரேலியாவின் ட்வீட் ஆற்று முகத்துவாரத்தில் 2001 முதல் குழாய் வழியாக மணலை மறுபக்கம் இறைத்துக்கொண்டே இருக்கிறார்கள். நிறுத்த முடியாத வேலை அது. திட்டச் செலவில் அந்தத் தொகை இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அதை எழுத்தில் கேட்டு, பதிலையும் எழுத்தில் வாங்குங்கள்.