வேகத் தரவின் துல்லியம்: எதனோடு ஒப்பிடுவது?

கேள்வி: நெடுஞ்சாலை வாகன வேகத் தரவை ஒரு நிறுவனத்திடமிருந்து பெறுகிறோம். சாலையோர ரேடாருடன் ஒப்பிட்டால் அது எப்போதும் குறைவாகவே இருக்கிறது. துல்லியத்தை எப்படி அளப்பது?

பதில்: முதலில், இரண்டும் ஒரே வேகத்தைத்தான் அளக்கின்றனவா என்று பாருங்கள். ரேடார் தருவது ஓர் இடத்தைக் கடக்கும் வண்டிகளின் வேகம். ஜிபிஎஸ் வழியே திரட்டும் தரவோ, பெரும்பாலும், சாலையின் ஒரு பகுதி முழுவதையும் கடக்க ஆகும் நேரத்திலிருந்து கணக்கிடப்படுவது. ஒரு கிலோமீட்டரைக் கார் ஒன்று மணிக்கு 100 கி.மீ. வேகத்திலும் லாரி ஒன்று 50 கி.மீ. வேகத்திலும் கடந்தால், ரேடார் காட்டும் சராசரி 75; ஆனால் அவை எடுத்துக்கொண்ட 36, 72 விநாடிகளைக் கூட்டி மொத்தத் தூரமான 2 கி.மீ.யை வகுத்தால் ஏறத்தாழ 67தான் வரும். நீங்கள் கண்ட வேறுபாட்டில் ஒரு பங்கேனும் இதனால் வந்திருக்கலாம்.

எனவே ஒப்பீட்டுக்கும் பயண நேரத்தையே எடுங்கள். பகுதியின் இரு முனைகளிலும் புளூடூத் உணரிகளையோ எண் பலகை படிக்கும் கேமராக்களையோ வைத்து, ஒரே வண்டி இரண்டையும் கடந்த நேரங்களைப் பொருத்தலாம். இடையில் எரிபொருள் நிரப்ப நின்ற வண்டிகளைக் கட்டாயம் நீக்க வேண்டும். இரு கருவிகளின் கடிகாரங்களும் ஒத்திருப்பது அதைவிட முக்கியம்: 36 விநாடிப் பயணத்தில் 4 விநாடி கூடுதலாகப் பதிவானால் 100 கி.மீ. வேகம் 90 ஆகிவிடும். பகுதி நீளமாக இருந்தால் இந்தப் பாதிப்பு குறையும்.

பிழையை இரண்டு வகையாகக் கணக்கிடுங்கள். கூட்டல் கழித்தல் குறியோடு எடுத்த சராசரி, தரவு எந்தப் பக்கம் சாய்கிறது என்பதைச் சொல்லும். குறியை நீக்கி எடுத்த சராசரி, பிழையின் அளவைச் சொல்லும். முதலாவதை மட்டும் நம்பினால் பத்து கூடியதும் பத்து குறைந்ததும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு பூஜ்யமாகத் தெரியும்.

நாள் முழுவதற்கும் ஒரே எண் கேட்பதை நான் ஏற்கமாட்டேன். சாலை பெரும்பாலான நேரம் நெரிசலின்றி ஓடுவதால், அந்த எண் நெரிசல் நேரப் பிழையை மறைத்துவிடும். நமக்குத் தரவு தேவைப்படுவதோ அந்த நேரத்தில்தான். அமெரிக்காவின் ஐ-95 நெடுஞ்சாலைத் திட்டத்தில் வேகத்தை நான்கு அடுக்குகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் குறி நீக்கிய பிழை மணிக்கு 10 மைலுக்குள்ளும் சாய்வு 5 மைலுக்குள்ளும் இருக்க வேண்டும் என்று வரையறுத்தார்கள். அந்த முறையை நீங்களும் பின்பற்றலாம்.

தாமதத்தைத் தனியாகச் சோதியுங்கள். நெரிசல் தொடங்கும் நேரத்தில் நிறுவனத்தின் வேகமும் உங்கள் கருவிகளின் வேகமும் நேரத்தோடு மாறுவதைக் காட்டும் இரு வரைகோடுகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, நிறுவனத்தின் கோட்டை ஒவ்வொரு நிமிடமாக முந்தைய நேரத்தை நோக்கி நகர்த்துங்கள். எத்தனை நிமிடத்தில் இரண்டும் மிகவும் நெருங்குகின்றனவோ, அதுவே தரவின் தாமதம்.