ஓட்டுகிறவருக்கும் மலை தெரிய வேண்டும்

மலைச் சாலைகளைப் பற்றி எனக்கு வரும் கேள்விகளில் பாதி, "எந்தப் பாதை அழகு?" என்றுதான் தொடங்குகின்றன. இருபது ஆண்டுகளுக்கு மேல் இந்த வளைவுகளில் வண்டி ஓட்டியவன் என்ற முறையில் நான் முதலில் திருப்பிக் கேட்பது இதைத்தான்: வண்டியை ஓட்டப்போவது யார்? அவர் எங்கே நிறுத்திப் பார்க்கப்போகிறார்? பின் இருக்கையில் இருப்பவர்கள் பள்ளத்தாக்கைப் பார்த்துப் பரவசப்படும்போது அவர் கண்ணில் படுவது எதிரே வரும் லாரியின் முகப்பு மட்டும்தான். அவரும் இறங்கி நின்று பார்க்க இடம் தரும் பாதையே என் கணக்கில் நல்ல பாதை.

*கோவையிலிருந்து ஊட்டிக்கு முதல் முறையாக நானே கார் ஓட்டிப் போகிறேன். குன்னூர் வழியா, கோத்தகிரி வழியா?*

கோத்தகிரி வழி. இதில் எனக்குத் தயக்கமே இல்லை. குன்னூர் சாலையில் பர்லியார் காடு அழகுதான். ஆனால் பஸ்ஸும் லாரியும் அந்த வழியில்தான் அதிகம். 14 கொண்டை ஊசி வளைவுகளையும் பின்னால் ஒரு வண்டி ஹாரன் அடிக்க ஏறுவது புதியவருக்குப் பெரிய சோதனை. ஒதுங்கி நிற்கவும் இடம் குறைவு.

மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரி வரை சுமார் 33 கிலோமீட்டர். மலையின் கிழக்குச் சரிவில் ஏறுவதால் காலை வெயில் நேராக விழும். விடிந்ததும் கிளம்புங்கள். குஞ்சப்பனை தாண்டி ஒரு திருப்பத்தில், அகலமான ஓரம் பார்த்து வண்டியை நிறுத்துங்கள். மழை பெய்து ஓய்ந்த மறுநாள் என்றால் மேகம் உங்கள் காலுக்குக் கீழே இருக்கும். அது விலகும் இடைவெளியில் சமவெளியும் தொலைவில் பவானிசாகர் நீர்ப்பரப்பும் தெரியும். பத்து மணிக்கு மேல் போனால் அதே இடத்தில் வெறும் வெண்புகைதான்.

கோத்தகிரி போனதும் உடனே ஊட்டிக்கு ஓடாதீர்கள். கோடநாடு காட்சிமுனைக்குப் போய் வாருங்கள். கீழே மாயாறு வெள்ளி நூலாகக் கிடக்கும். எதிரே ரங்கசாமி தூண் பாறை தனியாக நிற்கும். ஓட்டிய களைப்பு அங்கே தீரும்.

ஒன்று கவனியுங்கள். மே மாத சீசனில் குன்னூர் சாலையை ஏறுவதற்கும் கோத்தகிரி சாலையை இறங்குவதற்கும் என ஒருவழியாக்குவது வழக்கம். அப்போது நான் சொன்ன யோசனை செல்லாது. இ-பாஸும் தேவை. 2024 மே மாதம் முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் உயர் நீதிமன்ற உத்தரவின்படி அது நடைமுறையில் இருக்கிறது. வீட்டிலேயே பதிவு செய்துவிடுங்கள். சோதனைச் சாவடியில் நின்றுகொண்டு கைபேசியில் தேடினால் அந்தக் காலை வெளிச்சம் போய்விடும்.

*பெங்களூரிலிருந்து வருகிறோம். தெப்பக்காட்டில் மசினகுடி, கல்லட்டி வழியாக ஏறினால் தூரம் பாதி என்கிறார்களே?*

தூரம் பாதிதான். தெப்பக்காட்டிலிருந்து கல்லட்டி வழியே ஊட்டி சுமார் 36 கிலோமீட்டர். கூடலூர் வழியே 67. ஆனால் அந்தக் குறுகிய தூரத்துக்குள் 36 கொண்டை ஊசி வளைவுகள் அடைத்துவைக்கப்பட்டிருக்கின்றன. முதல் கியரை விட்டு வெளியே வர முடியாத இடங்கள் உண்டு. 2018ஆம் ஆண்டு ஒரு கார் பள்ளத்தில் விழுந்து ஐந்து பேர் இறந்த பிறகு, வெளி மாவட்ட வண்டிகள் அந்தச் சாலையில் இறங்குவதற்குத் தடை வந்தது. ஏறுவதானாலும் அனுபவம் உள்ளவர் மட்டும் ஏறட்டும்.

எனக்குப் பிடித்தது கூடலூர் வழி. அது மேற்கு பார்த்த சரிவு. மாலை வெயிலுக்கு ஏற்றது. ஊசிமலையில் நிறுத்தினால் கூடலூர்ப் பள்ளத்தாக்கு முழுவதும் கீழே விரியும். நடுவட்டத்தில் தேநீர் குடியுங்கள். அதற்கு மேல் பைக்காரா வரை தைல மரங்களின் நடுவே சாலை தாராளமாகப் போகும். பந்திப்பூர் காட்டுச் சாலை இரவு 9 முதல் காலை 6 வரை மூடப்படும் என்பதை மனத்தில் வைத்து மைசூரை விட்டுக் கிளம்புங்கள்.

*இறங்கும்போது பிரேக் கருகிய வாசனை வருகிறது. வண்டியில் கோளாறா?*

பெரும்பாலும் இல்லை, இறங்கும் முறையில்தான் கோளாறு. சில ஆண்டுகளுக்கு முன் பர்லியாரில் பழக்கடைகளுக்கு எதிரே ஒரு இளைஞர் காரை நிறுத்தியிருந்தார். முன் சக்கரத்திலிருந்து மெல்லிய புகை. பிரேக்கின் இரும்புத் தட்டு நீலம் பாய்ந்திருந்தது. கடைக்காரரிடம் ஒரு வாளித் தண்ணீர் வாங்கி ஊற்றப்போனார். ஓடிப்போய் அவர் கையைப் பிடித்தேன். கொதிக்கும் தட்டில் குளிர்ந்த நீர் பட்டால் அது கோணிக்கொள்ளும், விரிசலும் விடலாம். முக்கால் மணி நேரம் காத்திருந்தோம். பின் இருக்கையில் இரண்டு குழந்தைகள் பலாச்சுளை தின்றுகொண்டிருந்தன. அந்த வண்டி இன்னும் நான்கு வளைவு இறங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் எனக்கு இன்றும் கை நடுங்குகிறது.

காரணம் எளியது. பிரேக்கை விடாமல் மிதித்தே இறங்கினால் சூடு ஏறிக்கொண்டே போகும். ஒரு கட்டத்தில் பிரேக் எண்ணெயே கொதித்து உள்ளே குமிழி கட்டும். அப்புறம் எவ்வளவு மிதித்தாலும் மிதிகட்டை பஞ்சு போல உள்ளே போகுமே தவிர வண்டி நிற்காது. ஏறுவதற்கு எந்த கியர் வேண்டுமோ அதே கியரில் இறங்குங்கள். எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். பிரேக்கை வளைவுக்கு முன் விட்டு விட்டுத் தொட்டால் போதும். நியூட்ரலில் உருளவிடவே கூடாது. ஆட்டோமேடிக் வண்டியிலும் கீழ் கியருக்கு மாற்றும் வசதி இருக்கும். கிளம்பும் முன் தெரிந்துகொள்ளுங்கள். மின்சாரக் கார் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: ஊட்டியில் பேட்டரியை முழுக்க நிரப்பிக்கொண்டு இறங்காதீர்கள். இறங்கும்போது மோட்டாரே மின்சாரம் உண்டாக்கி வண்டியைத் தடுத்துப் பிடிக்கும். நிரம்பிய பேட்டரிக்குள் அந்த மின்சாரம் போகாது. அதனால் மோட்டார் தரும் தடுப்பும் குறைந்துவிடும்.

இன்னொன்று, ஏறுகிற வண்டிக்கு இறங்குகிறவர் வழிவிட வேண்டும். இது மரியாதை மட்டுமல்ல, சட்டமும்கூட.

*எந்த மாதம் எந்தச் சாலை?*

மழை எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பாருங்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை கூடலூர், அவலாஞ்சி பக்கம் கொட்டும். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் பெய்தது. அந்த நாட்களில் கோத்தகிரி பக்கம் ஓரளவு அமைதியாக இருக்கும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை கதை தலைகீழ். வடகிழக்கு மழை குன்னூர், கோத்தகிரி சரிவில் மோதும். 2009 நவம்பர் நிலச்சரிவுகளில் நாற்பதுக்கும் மேற்பட்ட உயிர்கள் போனதும் அந்தப் பருவத்தில்தான். அப்போது கனமழை எச்சரிக்கை வந்தால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். அறை முன்பணம் போனால் போகட்டும்.

*கொடைக்கானலுக்கு வத்தலக்குண்டு வழி தவிர வேறு நல்ல வழி?*

பழனி வழி. சுமார் 64 கிலோமீட்டர். ஏறத் தொடங்கியதும் கீழே வரதமாநதி அணையும், திரும்பிப் பார்த்தால் பழனி மலைக் கோயிலும் தெரியும். கூட்டம் குறைவு. வத்தலக்குண்டு சாலையையும் குறைத்துச் சொல்ல மாட்டேன். டம் டம் பாறையில் நின்றால் எதிர்ச் சரிவில் தலையாறு அருவி வெள்ளைக் கோடாக விழுவது தெரியும். ஏறும்போது பழனி, இறங்கும்போது வத்தலக்குண்டு என்று வைத்துக்கொண்டால் இரண்டும் கிடைக்கும். பெரியகுளத்திலிருந்து ஏறும் அடுக்கம் சாலை குறுகலானது, மண் சரியக்கூடியது, புதியவர்களுக்கு வேண்டாம்.

*கொடைக்கானலிலிருந்து பேரிஜம் வழியே மூணாறு போக முடியுமா?*

முடியாது. டாப் ஸ்டேஷன் போகும் அந்தப் பழைய சாலை காட்டுக்குள் பல ஆண்டுகளாக மூடிக் கிடக்கிறது. பேரிஜம் ஏரி வரை போவதற்கே வனத்துறை அனுமதி வேண்டும். மூணாறுக்கு மலையிறங்கி, தேனி, போடி, போடிமெட்டு வழியாகத்தான் போக வேண்டும்.

*மஞ்சூர் வழியாகக் கோவைக்கு இறங்கலாமா?*

43 வளைவுகள், அடர்ந்த காடு, ஆள் அரவமில்லாத சாலை. எனக்கு மிகவும் பிடித்த பாதை. ஆனாலும் தனி வண்டியில் போகிறவர்களுக்குச் சொல்லத் தயங்குவேன். கெத்தை பக்கம் யானைகள் சாலையிலேயே நிற்கும். ஹாரன் அடிக்காமல், இறங்கிப் படம் எடுக்காமல், அவை ஒதுங்கும் வரை தள்ளி நிற்கும் பொறுமை இருந்தால் மட்டும் போங்கள். ஊட்டியிலேயே எரிபொருள் நிரப்பிக்கொண்டு, மஞ்சூரில் பாதை திறந்திருக்கிறதா என்று கேட்டுக்கொண்டு, மதியத்துக்குள் கிளம்பி, வெளிச்சம் இருக்கும்போதே காரமடை சேர்ந்துவிடுங்கள்.