புது கிளட்ச் ஏன் கருகுகிறது? யாரிடம் கேட்பது?

கேள்வி: கல்லூரியில் நாங்களே கட்டிய கோ-கார்ட் (சிறிய பந்தய வண்டி). ஹோண்டா ஜிஎக்ஸ்160 எஞ்சின், 12 பல் கிளட்ச், ஆக்ஸிலில் 40 பல் ஸ்ப்ராக்கெட் (செயின் ஓடும் பல் சக்கரம்), 11 அங்குல டயர். மூன்று மாதத்தில் இரண்டு கிளட்ச் போய்விட்டது. கிளம்பும்போதே புகை, கருகல் வாடை, டிரம் நீல நிறமாகிவிடுகிறது. கடைக்காரர் "ஓட்டத் தெரியவில்லை" என்கிறார். தரமில்லாத சரக்கைத் தலையில் கட்டிவிட்டாரா?
(பொறியியல் மாணவர், ஈரோடு)

பதில்: சரக்கும் சரி, ஓட்டுபவரும் சரி, இரண்டின் மீதும் குற்றமில்லை. உங்கள் பல் கணக்கில்தான் கோளாறு.

எஞ்சின் வேகம் கூடக்கூட கிளட்ச்சின் உள்ளே உள்ள ஷூக்கள் (உராய்வுக் கட்டைகள்) வெளியே தள்ளப்பட்டு, சுற்றியுள்ள டிரம்மைப் பிடிக்கின்றன. சாதாரண கிளட்ச்சில் 1,800 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு 1,800 சுற்று) வாக்கில் பிடி தொடங்கி, 2,200-ஐ ஒட்டி முழுதாக இறுகும். அதற்கு முன்பு ஷூ டிரம்மில் உரசிக்கொண்டேதான் இருக்கும். உரசினால் சூடு. ஆகவே பார்க்க வேண்டியது ஒன்றுதான்: வண்டி எந்த வேகத்துக்கு வந்தால் உரசல் நிற்கும்?

12-க்கு 40 என்றால் விகிதம் 3.33. எஞ்சின் 2,200 சுற்றினால் ஆக்ஸில் 660 சுற்றும். 11 அங்குல டயரின் சுற்றளவு சுமார் 88 செ.மீ. கணக்குப் போட்டால் மணிக்கு 35 கி.மீ. வருகிறது. அதாவது வண்டி 35 கி.மீ. வேகத்தைத் தொடும்வரை உங்கள் கிளட்ச் முழுதாகப் பிடிப்பதே இல்லை. கல்லூரி மைதானத்தில், வளைவுக்கு வளைவு பிரேக் போட்டு ஓட்டும்போது அந்த வேகம் எத்தனை நொடி கிடைக்கும்? நாள் முழுக்க அரை கிளட்ச்சில் பைக் ஓட்டுவதற்குச் சமம் இது.

விகிதத்தை 5 ஆக்கினால் (12-க்கு 60) கிளட்ச் 23 கி.மீ. வேகத்தில் இறுகிவிடும், 3,600 ஆர்பிஎம்மில் மேல் வேகம் 38 கி.மீ. விகிதம் 6 என்றால் 19 கி.மீ.யில் இறுகும், மேல் வேகம் 31, 32 கி.மீ. இப்போது உள்ள விகிதத்தில் காகிதக் கணக்குப்படி 57 கி.மீ. போக வேண்டும். போகிறதா? இந்த எஞ்சினின் உச்ச டார்க்கே, அதாவது சுழற்று விசையே, 10.3 நியூட்டன் மீட்டர்தான், அதுவும் 2,500 ஆர்பிஎம்மில். ஆளோடு சேர்ந்த வண்டியை அந்த வேகத்துக்கு இழுக்க அது திணறும்.

12-க்கு 72 போட்டால் 6 கிடைக்குமே என்று தோன்றும். 35-ஆம் நம்பர் செயினுக்கு 72 பல் ஸ்ப்ராக்கெட்டின் விட்டம் ஏறக்குறைய 218 மி.மீ. உங்கள் டயரின் விட்டம் 279 மி.மீ. தரைக்கும் ஸ்ப்ராக்கெட்டுக்கும் நடுவே 30 மி.மீ. மிஞ்சும், செயினின் உயரம் போனால் அதற்கும் குறைவு. ஒரு கல் தட்டினால் செயின் கழன்றுவிடும். 60 பல் என்றால் விட்டம் 182 மி.மீ., இடைவெளி 48 மி.மீ. உங்களுக்கு 60 பல்தான் சரி. அதிலும் போதவில்லை என்றால் நடுவே ஒரு துணை ஷாஃப்ட் வைத்து இரண்டு கட்டமாகக் குறையுங்கள். மேடு ஏறவேண்டிய வண்டி, கனமான வண்டி என்றால் டார்க் கன்வர்டர் என்ற பெயரில் விற்கும் பெல்ட் டிரைவே மேல். விலை கூடுதல்தான், ஆனால் கிளட்ச் மேல் கிளட்ச் வாங்கும் செலவு நிற்கும்.

ஸ்ப்ராக்கெட் வாங்கக் கிளம்பும் முன் இவற்றையும் பார்த்துவிடுங்கள். எஞ்சினை நிறுத்தி, பின் சக்கரங்களைத் தூக்கிவைத்துக் கையால் சுற்றுங்கள். கனமாகச் சுற்றினால் பிரேக் பேட் உரசுகிறது, அல்லது ஆக்ஸில் பேரிங்குகள் ஒரே கோட்டில் இல்லை. செயின் நடுவில் மேலும் கீழுமாக மொத்தம் 12 மி.மீ. ஆட்டம் வேண்டும். கிளட்ச்சை மாட்டி போல்ட்டை முறுக்கிய பிறகு டிரம்மைக் கையால் சுற்றிப் பாருங்கள். தடையில்லாமல் சுற்ற வேண்டும், முன்னும் பின்னும் அரை மி.மீ. முதல் ஒரு மி.மீ. வரை அசைய வேண்டும். அசையாவிட்டால் வாஷர் புஷ்ஷை (டிரம் சுழலும் உள்வளையத்தை) நெரிக்கிறது என்று அர்த்தம். புஷ்ஷுக்கு ஓட்டும் நாளில் இரண்டு சொட்டு எஸ்ஏஇ 30 எண்ணெய் போதும். மூன்றாவது சொட்டு ஷூவுக்குப் போய்விடும், பிறகு வழுக்கலுக்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

ஒரு காலை பிரேக்கிலும் மறுகாலை ஆக்ஸிலேட்டரிலும் வைத்து ஓட்டும் பழக்கம் அணியில் யாருக்காவது இருந்தால் அதை முதலில் நிறுத்துங்கள். அந்த அளவில் மட்டும் கடைக்காரர் சொன்னதில் கொஞ்சம் நியாயம் உண்டு. நீலம் பாய்ந்த டிரம்மைக் கொண்டுபோய் வாரண்டி கேட்காதீர்கள். அதிகச் சூட்டுக்கு அந்த நிறமே சாட்சி.

கேள்வி: ஆக்ஸிலேட்டரைத் தொடாமலே வண்டி மெல்ல முன்னே நகர்கிறது. பிரேக்கை மிதித்தால் எஞ்சின் அணைந்துவிடுகிறது. கிளட்ச் மாற்ற வேண்டுமா?
(வாசகர், பொள்ளாச்சி)

பதில்: உடனே மாற்ற வேண்டாம். முதலில் ஐட்லிங் அளவை, அதாவது ஆக்ஸிலேட்டரைத் தொடாதபோது எஞ்சின் சுற்றும் வேகத்தைப் பாருங்கள். ஜிஎக்ஸ்160-க்கு 1,400 ஆர்பிஎம் அளவில் இருக்க வேண்டும். காதால் கேட்டு வைத்தால் தவறிவிடும். பிளக் வயரில் சுற்றிக்கொள்ளும் சிறிய டேக்கோமீட்டர் (சுற்று வேகம் காட்டும் கருவி) அதிக விலையில்லை, ஒன்று வாங்கிவிடுங்கள். ஐட்லிங் ஸ்குருவைத் திருகியும் இறங்கவில்லை என்றால் ஆக்ஸிலேட்டர் கேபிள் இழுத்துக்கொண்டிருக்கிறது. பெடல் முழுதாக விட்ட நிலையில் கேபிளில் கொஞ்சம் தளர்ச்சி இருக்க வேண்டும்.

அளவு சரியாக இருந்தும் நகர்ந்தால் எஞ்சினை அணைத்து, ஆறவிட்டு, டிரம்மைக் கையால் சுற்றுங்கள். சுற்றாவிட்டால் புஷ் காய்ந்து ஷாஃப்ட்டைக் கவ்வியிருக்கிறது. லேசாகச் சுற்றினால் ஸ்பிரிங் தளர்ந்திருக்கும், அல்லது ஒன்று அறுந்திருக்கும். ஸ்பிரிங்கை எப்போதும் முழு செட்டாக மாற்றுங்கள். ஒன்று புதிது, மற்றவை பழையது என்றால் ஷூக்கள் ஒரே நேரத்தில் வெளியே வராது. இதைச் சரிசெய்யும்வரை ஆள் நிற்கும் இடத்தில் வண்டியை ஸ்டார்ட் செய்யவே வேண்டாம்.

கேள்வி: பழைய ஸ்கூட்டர் எஞ்சினைப் பொருத்தியிருக்கிறோம். கிளம்பும்போது வண்டி உதறுகிறது. கிளட்ச் ஷூ செட் மாற்றச் சொல்கிறார் மெக்கானிக்.
(வாசகர், திருச்சி)

பதில்: மாற்றுமுன் கழற்றிப் பாருங்கள். ஷூ லைனிங் கண்ணாடிபோல் பளபளத்தால் 80 அல்லது 100 நம்பர் உப்புத்தாளால் அந்தப் பளபளப்பு போகும்வரை தேய்த்து, டிரம்மின் உட்புறத்தையும் லேசாகத் தேய்த்துத் துடைத்து மாட்டினால் பெரும்பாலும் உதறல் நின்றுவிடும். உள்ளே எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் கியர் பெட்டியின் ஆயில் சீல் கசிகிறது; சீலை விட்டுவிட்டு ஷூவை மட்டும் மாற்றினால் புது ஷூவும் அதே கதிதான். டிரம்மில் தேய்மான எல்லை பொறித்திருந்தால் உள்விட்டத்தை அளந்து ஒப்பிடுங்கள். தூசியைக் காற்றடித்து ஊதாதீர்கள், ஈரத் துணியால் துடையுங்கள். பழைய லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும்.

கேள்வி: "ஜிஎக்ஸ்160-க்குப் பொருந்தும்" என்று போட்டிருந்த கிளட்ச்சை இணையத்தில் வாங்கினேன். ஷாஃப்ட்டில் ஏறவே இல்லை. விற்றவரோ "லேத்தில் கொடுத்து ஓட்டையைப் பெரிதாக்கிக்கொள்ளுங்கள், ஸ்பேர் பார்ட்ஸுக்கு ரிட்டர்ன் கிடையாது" என்கிறார்.
(வாசகர், மதுரை)

பதில்: லேத் பட்டறைப் பக்கமே போகாதீர்கள். கிளட்ச் மேல் ஒரு கீறல் விழுந்தாலும் "நீங்கள்தான் கெடுத்தீர்கள்" என்ற பதில் தயாராகிவிடும். நுகர்வோர் ஆணையம் பொருளைப் பரிசோதனைக்கூடத்துக்கு அனுப்ப நேர்ந்தாலும் வந்த நிலையிலேயே இருப்பதுதான் உங்களுக்கு நல்லது. தொழில் முறையிலும் அது சரிப்படாது. ஓட்டை மையம் மாறினால் கிளட்ச் ஆடும், கீவே ஆழம் குறையும் (கிளட்ச்சை ஷாஃப்ட்டோடு பூட்டும் சிறு கட்டையான கீ உட்காரும் பள்ளம் அது), கீ நசுங்கும்.

நடந்தது இதுவாகத்தான் இருக்கும். ஒரே பெயரில் வரும் இந்த எஞ்சின்களுக்கும் அவற்றின் சீன நகல்களுக்கும் ஷாஃப்ட் விட்டம் இரண்டு விதமாக வருகிறது: முக்கால் அங்குலம், அதாவது 19.05 மி.மீ., இன்னொன்று 20 மி.மீ. ஒரு மி.மீ. கூட வித்தியாசமில்லை, கண்ணுக்குத் தெரியாது. வெர்னியரில் (நுண்ணளவுக் கருவி) அளந்தால்தான் தெரியும்.

சட்டம் உங்கள் பக்கம். 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி, விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாத பொருளைத் திரும்பப் பெற மறுக்கவோ பணத்தைத் தர மறுக்கவோ விற்பனையாளருக்கு உரிமை இல்லை. "பொருந்தும்" என்று எழுதியிருந்த பக்கத்தை இன்றே ஸ்கிரீன்ஷாட் எடுங்கள், நாளை அந்த வரி மாறியிருக்கலாம். வெர்னியரை ஷாஃப்ட்டிலும் கிளட்ச் ஓட்டையிலும் வைத்து, எண் தெளிவாகத் தெரியும்படி இரண்டு படம் எடுங்கள். அவற்றை இணைத்து அந்தத் தளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதுங்கள். 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்தது என்று பதில் தர வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். கோபத்தைக் கொட்டி நாலு பக்கம் எழுதுவதைவிட, "ஷாஃப்ட் 20.0, ஓட்டை 19.05, விளம்பரம் இது, எனக்குப் பணம் திரும்ப வேண்டும்" என்ற நாலு வரிக்கு வலு அதிகம்.

அசையாவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். அதற்கும் மேல் என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். விற்றவர் டெல்லியில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடுக்கலாம். பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டு அவகாசம்.

அடுத்த முறை ஆர்டர் போடும்போது எஞ்சின் பெயரோடு நிறுத்தாதீர்கள். ஷாஃப்ட் விட்டம், கீ அகலம், ஷாஃப்ட் நீளம், முனையில் உள்ள போல்ட்டின் மரை, செயின் நம்பர், பல் எண்ணிக்கை என ஆறையும் எழுதி "இதற்குப் பொருந்துமா?" என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொண்டு பணம் கட்டுங்கள். செயினில் பலர் ஏமாறுகிறார்கள். 35-ஆம் நம்பர் செயினின் பிட்ச், அதாவது அடுத்தடுத்த இரு உருளைகளின் மைய இடைவெளி, 9.525 மி.மீ. 41, 420, 428 மூன்றுக்கும் 12.7 மி.மீ. பிட்ச் ஒன்றுதானே என்று 420 கிளட்ச்சில் பைக்கின் 428 செயினைப் போடுவார்கள். 428-இன் உருளை பெரிது, அகலமும் அதிகம். பல்லில் உட்காராமல் பக்கவாட்டில் ஆடி, கடைசியில் பல்லையே தின்றுவிடும்.

கேள்வி: சென்னையில் கடைக்காரரிடம் நேரில் வாங்கினேன். பில் தரவில்லை. கேட்டதற்கு "ஜிஎஸ்டி சேர்த்தால் விலை ஏறும்" என்றார். ஷூ லைனிங் ஒரே வாரத்தில் உரிந்து விழுந்தது. "விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது" என்று பலகை மாட்டியிருக்கிறார்கள்.
(வாசகர், செங்கல்பட்டு)

பதில்: பலகை குறையுள்ள பொருளைக் காப்பாற்றாது. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி பில் தராமல் விற்பதே முறையற்ற வணிகம். குறையுள்ள பொருளை பில்லில் சொன்ன கெடுவுக்குள், கெடு எதுவும் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், திரும்ப எடுக்க மறுப்பதும் அப்படித்தான். ஒரு வாரம்தானே ஆகியிருக்கிறது, உடனே போங்கள்.

லைனிங் உரிந்த விதத்தைப் பாருங்கள். கருகாமல், ஒட்டிய பசையோடு ஏடாகக் கழன்று வந்திருந்தால் தயாரிப்புக் குறை. டிரம் நீலமாகி, லைனிங் கரியாகி உதிர்ந்திருந்தால் முதல் கேள்விக்கான பதிலைப் படியுங்கள். பில் இல்லாவிட்டாலும் யுபிஐ பரிமாற்ற விவரம், வாட்ஸ்அப் பேச்சு, பார்ட் நம்பர் உள்ள பெட்டி எல்லாம் ஆதாரம்தான். பெட்டியை ஏன் எறிகிறோம் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. இறக்குமதிச் சரக்கு என்றால் இறக்குமதியாளர் பெயரும் தயாரான நாடும் அதில்தான் இருக்கும்.

சென்னையின் பழைய உதிரிபாகச் சந்தையான புதுப்பேட்டையில் பழைய சாமான் வாங்குவது தனிக் கணக்கு. அங்கே வாரண்டியை எதிர்பார்த்துப் போகக் கூடாது, வெர்னியரோடு போக வேண்டும். டிரம்மின் நிறம், ஷூ தடிமன், புஷ் ஆட்டம், பல் முனை கொக்கிபோல் வளைந்திருக்கிறதா என்று நாலையும் பார்த்து விலை பேசுங்கள். முகம் தெரியாத விற்பனையாளர் முழுப் பணத்தையும் தனிநபர் எண்ணுக்கு முன்பணமாகக் கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அனுப்பி ஏமாந்துவிட்டால் தாமதிக்காமல் 1930-க்குப் பேசுங்கள். அது இணையவழிப் பண மோசடிக்கான எண். இப்படிப்பட்ட மோசடிக்கு 1915-ஐவிட முதலில் நாட வேண்டியது அதுதான்.

கேள்வி: சுற்றுலாத் தலத்தில் இரண்டு கார்ட்டுகளை வாடகைக்கு விடுகிறேன். "தொழிலுக்கு வாங்கியவர் நுகர்வோரே அல்ல" என்கிறார் சப்ளையர். உண்மையா?
(வாசகர், ஏற்காடு)

பதில்: பாதி உண்மை. வணிக நோக்கத்துக்கு வாங்கியவரைச் சட்டம் நுகர்வோராகக் கொள்வதில்லை. ஆனால் சுயவேலை மூலம் பிழைப்பு நடத்துவதற்காக மட்டுமே வாங்கிப் பயன்படுத்தியவருக்கு அந்த விலக்கு பொருந்தாது. இரண்டு வண்டியை நீங்களே நின்று ஓட்ட விடுகிறீர்கள், குடும்பம் அதில்தான் நடக்கிறது என்றால் புகாரில் அதை முதல் பத்தியிலேயே எழுதுங்கள். பத்து வண்டி, நாலு ஊழியர், இரண்டு இடம் என்று வளர்ந்துவிட்டால் அந்த வாதம் நிற்பது கடினம். அப்போது உங்களைக் காப்பது ஒப்பந்தமும் சிவில் நீதிமன்றமும்தான். ஆகையால் மொத்தமாக வாங்குபவர்கள் பர்சேஸ் ஆர்டரிலேயே அளவுகளையும், தவறான அளவு வந்தால் யார் செலவில் திருப்புவது என்பதையும், எத்தனை நாளில் மாற்றித் தருவார்கள் என்பதையும் எழுதிவிட வேண்டும். முதல் ஆர்டரில் ஒரே ஒரு கிளட்ச் மட்டும் வாங்கி, ஒரு வாரம் ஓட்டிப் பார்த்த பிறகு மீதியைச் சொல்லுங்கள்.